பதினோரு மதியங்கள்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, அம்மா எல்லோரும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ சௌக்கியமில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குச் சளி பிடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு உன் யூனிட்டைக் கூப்பிட்டு "நூத்தி இருபதுக்கு இறக்குங்க" என்றது நான்தான். "நூத்தி இருபது, ஏத்துக்கிட்டோம்" என்று மூக்கடைத்த குரலில் பதில் வந்தது. என் தம்பியின் மூக்கு எனக்குத் தெரியாதா? மருந்து சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆமாம், மின்சுமைக் கட்டுப்பாட்டு மையத்தில் என்னை நிலக்கரி மேசைக்கு மாற்றிவிட்டார்கள். இனி மதிய ஷிஃப்டில் உன் அனல்மின் நிலையத்துக்கும் வடக்கு நிலையத்துக்கும் உத்தரவு சொல்வது என் வேலை. லைனில் பேசுவது முழுக்கப் பதிவாகும். நான் எண்ணைச் சொல்ல வேண்டும், நீங்கள் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு யூனிட்டில் என் தம்பி இருக்கிறான் என்று மேலதிகாரியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "லைன்ல அக்காவும் கிடையாது, தம்பியும் கிடையாது. முடியுமா?" என்றார். முடியும் என்று தலையாட்டினேன். அதனால்தான் இந்தக் கடிதம். வீட்டுப் போனில் கூப்பிட்டால் நீ 'ம்' மட்டும் போடுவாய், அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அதுவும் போக, எட்டு மணிநேரம் ஹெட்போன் மாட்டிய காதுக்கு இன்னொரு போன் தாங்காது.

வெயில் ஏற ஏற சூரிய மின்சாரம் கொட்டுகிறது. அதற்கு இடம் விட்டு உங்களைப் போன்ற பழைய யூனிட்டுகள் இறங்க வேண்டும். ஐந்தரைக்கு வெயில் போனதும் விழுந்தடித்துக்கொண்டு ஏற வேண்டும். இந்த மாதத்திலிருந்து நூற்றிருபது போதாது, எண்பத்து நான்கு வரை இறங்கியாக வேண்டும் என்கிறார்கள். இருநூற்றுப் பத்து மெகாவாட்டில் ஓடவென்று கட்டியதை எண்பத்து நான்கில் ஓட்டச் சொல்வதில் எனக்கும் சங்கடம்தான். ஒரு நாள் உங்கள் நிலையம், மறுநாள் வடக்கு நிலையம் என்று முறை போட்டு அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

வடக்கில் ஒருவர் இருக்கிறார். எண்ணைத் திருப்பிச் சொன்ன கையோடு "சாப்பிட்டீங்களா மேடம்?" என்கிறார். பதிவாகிறது என்று இரண்டு தரம் எச்சரித்தாயிற்று. மூன்றாம் நாளும் கேட்கிறார். உனக்குத் தெரிந்தவரா?

பிரியமுடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். சளி போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ எப்போது வருவாய் என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நீ சொன்ன ஆள் மீசை. பயிற்சிக் காலத்தில் என் அறையில் இருந்தவன். மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்பான். சாப்பிடவில்லை என்றால் தன் டப்பாவைத் திறந்து பாதியைத் தள்ளிவிடுவான். நீ எத்தனை எச்சரித்தாலும் திருந்தமாட்டான்.

எண்பத்து நான்கு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். போன வாரம் முதல்முறையாக இறக்கினோம். நெருப்பு நிற்கவில்லை. உலைக்குள்ளே பிடித்தும் விட்டும் படபடவென்று அடித்தது. எண்ணெய் விட்டுத்தான் தாங்கிப் பிடித்தோம். பாய்லர் டிரம்முக்கு மேல் பக்கமும் அடிப் பக்கமும் ஒரே சூடாக இருக்க வேண்டும், ஐம்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது, வந்தால் விரிசல் விடும். எங்களுக்கு நாற்பத்தேழு வந்தது. பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்று என்ன செய்யப்போகிறார்? ஆனால் நானும் எழுந்து நின்றேன்.

ஆகஸ்டில் யூனிட்டை நிறுத்தி, புது பர்னர், புது கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் போடப்போகிறார்கள். அதற்குப் பிறகு எண்பத்து நான்கு என்ன, எழுபதில்கூட நிற்குமாம். அதுவரைக்கும்தான் பாடு. உன்னிடம் சும்மா சொல்லிவைக்கிறேன், வேறொன்றும் இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். நாற்பத்தேழு எப்போது வந்தது, இறங்கும்போதா, ஏறும்போதா? அதற்குப் பிறகு எத்தனை வந்தது? நீ எந்தப் பக்கம் உட்காருகிறாய், பாய்லரிலிருந்து கட்டுப்பாட்டு அறை எவ்வளவு தூரம்? வடக்கு நிலையத்து யூனிட் உங்களுடையதைவிட உறுதியா? மீசையைக் கேட்டுப் பார்த்து எழுது.

ஆகஸ்ட் வர நான்கு மாதம். பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. எல்லோரும் நலமாக இருக்கிறோம். வீட்டில் சுண்ணாம்பு அடித்தார்கள், ஒரு வாரம் ஒரே ரகளை. அம்மாவின் கட்டிலைச் சமையலறைக்கு மாற்றினோம். இப்போது அங்கேயே இருந்துகொள்கிறேன் என்கிறாள். மருமகளுக்கு முகம் எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

நீ கேட்டவை: இறங்கும்போது வந்தது நாற்பத்தேழு. பிறகு ஒருமுறை நாற்பத்தொன்பது. பாய்லரிலிருந்து என் நாற்காலிக்கு அறுபது அடி, நடுவில் ஒரு சுவர். வடக்கு யூனிட் எங்களுடையதைவிட நான்கு வருஷம் இளசு. உறுதிதான் என்று மீசை சொல்கிறான். அவனுடைய யூனிட்டை அவன் விட்டுக்கொடுப்பானா?

இப்போது எங்களுக்கு எண்பத்து நான்கு அவ்வளவாக வருவதில்லை. மேகம் அதிகமோ என்னவோ. மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். ஒரு சுற்று பெருத்துவிட்டேன் என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

தம்பி


மே 25

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். கடிதம் வந்தது. ஆமாம், மேகம்தான். நன்றாகச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

நாங்கள் நலம். உனக்கு அன்றே தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மீசை இன்று காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டான். ஐந்து நாள் கிடந்தான். நீராவிக் குழாயின் பற்றவைத்த இணைப்பு ஒன்று பிளந்து அவன் மேல் நீராவி அடித்திருக்கிறது. இறங்கி ஏறி இறங்கி ஏறி இரும்பு சோர்ந்துவிட்டது என்கிறார்கள். நான் நேற்று முன்தினம் போனேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் விட்டார்கள். கட்டுப் போட்ட உருவம் ஒன்று தெரிந்தது. அவன்தான் என்றார்கள், சரி என்றேன். பஸ் ஏறி வந்து ஷிஃப்டுக்குப் போனேன். யூனிட் நூற்றைம்பதில் ஓடிக்கொண்டிருந்தது. குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அவன் மனைவி சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

தம்பி


ஜூன் 30

தம்பிக்கு,

நலம் விசாரித்து எழுதக் கை ஓடவில்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று தெரியும், லைனில் கேட்கிறேன். நான் தினமும் வேலைக்குப் போகிறேன். எண்களைச் சரியாகச் சொல்கிறேன். யாருக்கும் என்னிடம் வித்தியாசம் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லை. முந்தாநாள் பல் தேய்த்துவிட்டு, தேய்த்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி தேய்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் ஒன்பதாம் தேதி உங்கள் முறை.

சுவரில் அச்சடித்து ஒட்டியதில் அப்படித்தான் இருக்கிறது. அன்று மதியம் பன்னிரண்டே பத்துக்கு நான் வடக்கைக் கூப்பிட்டேன். "நேத்தும் நாங்கதான மேடம் இறங்கினோம்?" என்று கேட்டார். "வழித்தட நெருக்கடி" என்றேன். மின்பாதையில் எங்காவது சுமை அதிகமானால் முறையை மாற்றலாம், அதற்கான சொல் அது. அன்று எந்த நெருக்கடியும் கிடையாது. "எண்பத்து நாலு, ஏத்துக்கிட்டோம் மேடம். சாப்பிட்டீங்களா?" என்றார். மாலை ஐந்து முப்பத்தைந்துக்கு, "ஏன் நூத்தி நாப்பதுலயே நிக்குது, ஏத்துங்க" என்று கேட்டதும் நான்தான். "ஒரு சத்தம் கேக்குது, பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார். அடுத்த தரம் நான் கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்தார்கள்.

ஏப்ரல் இருபதுக்குப் பிறகு இப்படிப் பதினோரு தரம் உங்கள் முறையை அவர்களுக்குத் தள்ளியிருக்கிறேன். பதினோரு தரமும் பதிவேட்டில் அதே காரணம், என் கையெழுத்து. நீ கேட்கவில்லை. நானாகச் செய்தேன்.

நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை.

அக்கா


ஜூலை 18

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய்யில்லை.

விசாரணைக் குழு வந்துவிட்டுப் போனது. எங்கள் நிலையத்துக்கும் வந்தார்கள். குழாய் இணைப்பு பிளந்ததற்கு வயது காரணமாம். மீசை பெர்மிட் எழுதி வாங்காமல் குழாய்ப் பக்கம் போனது அவன் தவறாம். பெர்மிட் எழுதி வாங்க அரைமணி ஆகும், மாலையில் அந்த அரைமணி யாரிடம் இருக்கிறது? அது காகிதத்தில் வராது. அவன் மேல் குற்றம் என்று முடிந்தால் அவன் மனைவிக்கு அவன் இடத்தில் வேலை கிடைக்காது, குவார்ட்டர்ஸையும் காலி பண்ண வேண்டும். மூன்று மாதம் கெடு.

ஒன்று சொல்லவேண்டும். மேகம் என்று நான் எழுதியது சும்மா. எங்கள் ஜன்னலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் முறை நாளில் நூற்றிருபதோடு உன் குரல் நின்றுவிடும்போதெல்லாம் எனக்குப் புரிந்தது. மே மாதத் தொடக்கத்தில் மீசையே போன் செய்தான். "என்னடா, உங்க முறையும் எங்களுக்கே வருது, யாரைக் கைக்குள்ள போட்டே?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். உன்னிடம் கேட்டால் நிறுத்திவிடுவாய். அதனால் கேட்கவில்லை.

இப்போது நீ போய் எதுவும் சொல்லாதே. சொன்னால் உன் வேலை போகும், அவன் வரப்போவதில்லை. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

தம்பி


ஜூலை 29

தம்பிக்கு,

சௌக்கியம். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

ஒரு விஷயம் உனக்குத் தெரியுமோ தெரியாதோ. எண்பத்து நான்குக்கு முப்பது தரம் இறங்கினால் ஒரு தரம் அந்தக் குழாய் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. முறைதான் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நிலையாக இருக்கிறதே, யார் தினம் எண்ணிக்கொண்டிருப்பது என்று இரண்டு நிலையத்திலும் முப்பதை அறுபது நாளாக மாற்றி நாட்காட்டியில் தேதி குறித்துவிட்டார்கள். வடக்கில் ஏப்ரல் இருபதில் சோதித்தார்கள். அடுத்த தேதி ஜூன் இருபது. என் பதினொன்றையும் சேர்த்தால் ஜூன் ஒன்பதில் அந்த யூனிட் முப்பத்தாறு தரம் இறங்கியிருந்தது. ஆறு இறக்கங்கள் யாரும் பார்க்காத குழாயோடு. விசாரணைக் குழுவும் நாட்காட்டியைத்தான் பார்த்திருக்கிறது, பதிவேட்டைப் புரட்டவில்லை. இது தெரிந்தால் குற்றம் அவர் மேல் நிற்காது.

நான் சொல்லப்போகிறேன். ஏன் தள்ளினாய் என்று கேட்பார்கள். உன் மார்ச் கடிதத்தைக் காட்டாமல் என்னால் பதில் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. காட்டினால் உன் தலையும் உருளும். காட்டலாமா, கூடாதா? ஒரு வரி எழுது. லைனில் உன் குரல் கேட்கிறது, "நூத்தி இருபது, ஏத்துக்கிட்டோம்" என்கிறாய். அதிலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்கா


செப்டம்பர் 6

தம்பிக்கு,

நீ நலமா? ஐந்து வாரமாகப் பதில் இல்லை. ஆகஸ்டில் உன் யூனிட்டை நிறுத்திவிட்டதால் லைனிலும் நீ இல்லை.

போன மாதம் இருபத்திரண்டாம் தேதி சொல்லிவிட்டேன். பதிவேட்டைத் திறந்து பதினோரு இடத்திலும் விரலை வைத்துக் காட்டினேன். மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு, "எழுதிக் கொடுத்தா திரும்ப வாங்க முடியாதும்மா. யோசிச்சுக்கோங்க" என்றார். நல்ல மனிதர். எழுதிக் கொடுத்தேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. தம்பி இருக்கும் யூனிட் என்பதால் பயந்து நானாகச் செய்தேன் என்று எழுதினேன், உனக்கு ஒன்றும் தெரியாது என்றும் எழுதினேன். முதல் பாதி உண்மை.

மறுநாளே மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை நிற்குமா, போகுமா என்று இரண்டு மாதத்தில் சொல்வார்களாம். வீட்டில் இருக்கிறேன். மதியம் பன்னிரண்டானால் கை தானாக மேஜையில் ஹெட்போனைத் தேடுகிறது. மற்றபடி பசிக்கிறது, சாப்பிடுகிறேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

அம்மாவிடம் மாற்றல் என்று சொல்லிவை.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீ எப்படி இருக்கிறாய்? அம்மா நன்றாக இருக்கிறாள். கட்டில் இன்னும் சமையலறையில்தான்.

பதில் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன், அது போதாது. காட்டலாம் என்று எழுதப் பயமாக இருந்தது, காட்டாதே என்று எழுத வெட்கமாக இருந்தது. நீயே பார்த்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன். எப்போதும் அப்படித்தானே. "அவருக்கு ஒன்றும் தெரியாது" என்று நீ எழுதியதைக் குழுவிலிருந்து எனக்கு அனுப்பிக் கையெழுத்துக் கேட்டார்கள். எனக்குத் தெரியும், மே மாதத்திலேயே தெரியும் என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன செய்வார்கள் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தபோது எழுதுகிறேன்.

யூனிட் திரும்ப ஓடுகிறது. புது பர்னர், புது கருவிகள். நேற்று எண்பத்து நான்குக்கு இறக்கினோம். நெருப்பு அசையாமல் நின்றது, டிரம்மில் வித்தியாசம் பதினெட்டு. பக்கத்து மேசைக்காரர் உட்கார்ந்தபடியே டீ குடித்தார். இப்போது இறக்கத்தை நாட்காட்டியில் பார்ப்பதில்லை, கருவியே எண்ணுகிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

திருத்திய அறிக்கை வந்துவிட்டது. மீசை மேல் குற்றமில்லை. அவன் மனைவிக்கு ஸ்டோரில் வேலை, வீடும் அவர்களுக்கே. அதைச் சொல்லத்தான் வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல செய்தி கொண்டுபோகிறவன் போலச் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன் அக்கா. அவருக்கு ஏற்கெனவே செய்தி வந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அன்னிக்கு யாரு முறை?" என்று கேட்டார்.

"எங்க முறை" என்றேன்.

"தெரியும். ஆஸ்பத்திரியில அவரு சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார். பிறகு மடித்துக்கொண்டிருந்த துணிகளை மடித்துக்கொண்டே பேசினார். "நேத்தும் இன்னிக்கும் சேந்தாப்புல இறக்கறாங்களே, மேல சொல்லுங்கன்னு முந்தியே நான்தான் சொன்னேன். 'அவனோட யூனிட்டு நோஞ்சான், ஆகஸ்டுல சரி பண்ணிடுவாங்க, அதுவரைக்கும் நாம தாங்குனா என்ன'ன்னாரு. அந்த மேடம் உங்க அக்கான்னும் அவருக்குத் தெரியும். குரல்லயே கண்டுபுடிச்சுட்டாராம், நீங்க பேசற மாதிரியே பேசறாங்களாம்."

அவர் கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாரு. சரின்னு சொல்லிட்டு, நாம கூடுதலா இறக்கறோமேன்னு குழாயை முன்னாடியே பாக்கச் சொல்லியிருப்பாரு. அவரு அப்படித்தான், எடுத்த பொறுப்பை எண்ணி எண்ணிப் பாப்பாரு. கேக்காம விட்டுட்டீங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தேன். பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றபோது அழுதேன். நான்கு மாதமாக வராதது, வந்த இரண்டு பஸ்ஸையும் விடும்படி வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றுகொண்டார்கள்.

இதை உனக்கு எழுத வேண்டாம், உனக்கு எதற்கு இதுவும் என்று மூன்று நாள் யோசித்தேன். உன் நல்லதுக்கு என்று நானும், என் நல்லதுக்கு என்று நீயும் சொல்லாமல் விட்டதெல்லாம் போதும். அதனால் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். படித்ததும் என்னைக் கூப்பிடு. நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, நான் 'ம்' போடமாட்டேன்.

உன் தம்பி